வத்திராயிருப்பில் இல்லாத சரோஜா

அய்யா,

போனில் உனக்கு நான் பதில் சொல்லவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். ஆனால் காரணம் அது இல்லை. நீ இரண்டு கேள்விகள் கேட்டாய். தை பிறந்ததும் ராஜபாளையத்தில் நீ திறக்கப்போகும் கிளினிக்குக்கு அம்மாவின் பேரை வைக்கலாமா என்பது முதல் கேள்வி. அதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாய். “எனக்காக வீடு தேடி வந்த மனுசன் அம்மாவுக்காக ஏன்ப்பா வரல?” நான் போனை வைத்துவிட்டேன். லைன் அறுந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய்.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரைத்தான் கேட்கிறாய். சிறு வயதில் உனக்கு டி.பி. மருந்து கொடுத்துக் குணமாக்கியவர். அதற்கு முன் உன் அம்மாவுக்கும் மருந்து கொடுத்தவர். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவுக்கு வந்தது நான் சொல்லிவந்ததுபோல ஆஸ்துமா இல்லை, டி.பி. என்று நீயே கண்டுபிடித்துச் சொன்னாய். நான் மறுக்கவில்லை. பாதியில் மருந்து நின்றுபோனது என்பதையும் அன்று உனக்குச் சொன்னேன். ஏன் நின்றது என்று நீ கேட்கவில்லை. “பிரைவேட் டாக்டர்னா அம்புட்டுத்தான்ப்பா. வந்தா பாப்பாங்க. வராட்டி மறந்துருவாங்க” என்றாய். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். இப்போது நீயே ஒரு பிரைவேட் டாக்டர். அவரைப் போல இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போகிறாய். அந்த எண்ணத்தோடு நீ உட்காரக் கூடாது. பலகைக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

நாம் குடியிருந்த வளவு உனக்கு நினைவிருக்கும். ஒரே முற்றம். ஒரே கிணறு. சுற்றிலும் குடித்தனங்கள். ஒரு வீட்டில் இருமினால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். உன் அம்மா இரும ஆரம்பித்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட. நூல் மில் ஊர். பஞ்சுத் தூசியில் பாதி ஊர் இருமிக்கொண்டுதான் இருக்கும். பிறகு சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வந்தது. ரவிக்கையின் கை தொளதொளத்தது. ஊசியால் பிடித்துப் போட்டுக்கொண்டாள். ஒருநாள் கிணற்றடியில் துப்பிவிட்டு, அதன் மேல் அவசரமாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

எனக்கு மில்லில் டைம் ஆபீஸ் வேலை. எங்களுக்கென்று ஈ.எஸ்.ஐ. மருந்தகம் இருந்தது. அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவனும் மில், பின்னால் நிற்பவனும் மில். அரசு ஆஸ்பத்திரியும் இருந்தது. அங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மருந்து வாங்க வராதவர் வீட்டுக்கு சைக்கிளில் ஆள் வரும். அது நல்ல ஏற்பாடு என்று இப்போது தெரிகிறது. அன்று அதற்காகவே பயந்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அந்த சைக்கிள் நின்றது. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நம் வீட்டில் அப்போது உன் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கும் பையன். அவன் வீட்டார் இரண்டாவது முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். முற்றத்தில் ஒரு சைக்கிள் வந்து நின்றால் போதும். அந்தக் கல்யாணம் நடக்காது.

அதனால் எல்லோரும் செய்ததை நாங்களும் செய்தோம். ராஜபாளையத்துக்காரர்கள் இந்த நோய்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பிரைவேட் டாக்டரிடம் போவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்துக்கு வருவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை. நடுவழியில் எங்கள் பஸ்ஸை எதிர் பஸ் கடந்தபோது அதன் ஜன்னலோரத்தில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நொடி. இரண்டு பஸ்ஸும் போய்விட்டன.

டாக்டருடைய அறை மாடியில் இருந்தது. ஒரு மேசை, நோயாளிக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு நேராக ஒரு ஜன்னல். எக்ஸ்ரே படத்தை அந்த ஜன்னலில் வைத்துத்தான் பார்ப்பார். “பேரு?” என்று கேட்டார். உன் அம்மா ஜன்னலைப் பார்த்தாள். எதிரே கீழே ஒரு தையல் கடை. சரோஜா டெய்லர்ஸ் என்று சிவப்பு எழுத்தில் பலகை. “சரோஜா” என்றாள். அவ்வளவு இயல்பாகச் சொன்னாள், எனக்கே ஒரு கணம் நிஜம் போல இருந்தது. “ஊரு?” அவள் என்னைப் பார்த்தாள். தெருமுனையில் வத்திராயிருப்பு பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நடத்துநர் ஊர்ப் பேரைக் கூவுவது மாடி வரை கேட்டது. “வத்திராயிருப்பு” என்றேன். அவர் கேட்காமலேயே, “தேங்காய் யாவாரம்” என்றும் சேர்த்தேன்.

பேரை அவள் சொன்னாள். ஊரை நான் சொன்னேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

டாக்டர் படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். நெஞ்சின் இடப்பக்கம் மேகம் போல ஒரு வெள்ளை. சுற்றி வளைக்காமல் டி.பி. என்றார். பிறகு, “இப்ப பங்குனி. அடுத்த பங்குனி வரைக்கும் மாத்திரை. இருமல் நின்னாலும் நிறுத்தக் கூடாது. உடம்பு தேறினாலும் நிறுத்தக் கூடாது. இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தோணினாலும் நிறுத்தக் கூடாது” என்றார்.

“பொறவு எப்பதான் நிறுத்த?” என்று கேட்டாள் உன் அம்மா.

“நான் சொல்லும்போது.”

“நீங்க மறந்துட்டா?”

“நான் மறக்க மாட்டேன். நீதான் மறப்ப. எல்லாரும் மறப்பாங்க, சளி நின்னதும்.”

அவள் சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் சிரித்துக்கொண்டே இருமினாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவள் இருமிப் பார்த்திருக்கிறேன். எனக்குள் தங்கியிருப்பது அந்த இருமல்தான்.

பஸ்ஸில் வரும்போது, “ஏட்டி சரோஜா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன். “யாரைக் கூப்பிடுதீய? உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டியா?” என்றாள். பிறகு, “பெரிய தேங்காய் யாவாரி. தென்னை மரத்துல ஏறுறது எப்படின்னு தெரியுமா? மரத்தைத் தெரியுமா?” என்றாள். ஊர் வந்து சேரும் வரை அந்தத் தேங்காய் வியாபாரியை விடவில்லை. வீட்டில் அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாக ஆனது. காலையில் நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், “சரோஜாவுக்கு மருந்து” என்பேன். உனக்கு அப்போது எட்டு வயது. நீ பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருப்பாய். எங்கள் சிரிப்பு உனக்குக் கேட்டிருக்கலாம். நோய் வந்த வீட்டில் சிரிப்பா என்று நீ கேட்கலாம். ஆமாம். அந்த வேனில்காலத்தில் நாங்கள் கல்யாணமான புதிதில் போல இருந்தோம். ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து சுமந்தால் ஒரு நெருக்கம் வருகிறது. அது நல்லதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆளை நேரில் பார்த்து ஒரு வாரத்துக்குத்தான் டாக்டர் மாத்திரை கொடுப்பார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வெளியூர் போக வளவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமிக்கு வேண்டுதல் என்றோம். ஒரு மண்டலம் என்றாள் உன் அம்மா. மண்டலம் என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். பொய் முழுப் பொய்யாக இருக்க வேண்டாம் என்று, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கோயிலுக்கும் போவோம். திருநீறு கொண்டுவந்து வளவு முழுக்கக் கொடுப்பாள். அடுத்த வீட்டு ரங்கம்மா அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டில் தெலுங்கு, நம்மோடு தமிழ். அதிகம் திருநீறு வாங்கிக்கொண்டது அவர்தான். சிவப்பு மாத்திரையால் உன் அம்மாவுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. குளிப்பறைப் பக்கம் ரங்கம்மா அக்கா கண்ணில் அது பட்டுவிட்டது. “ஏமே, உனக்குச் சூடு பிடிச்சிருக்கு. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி. அந்த வைத்தியநாதரு தலையிலயும் ரெண்டு குடம் தண்ணி ஊத்து” என்றார். உன் அம்மா ஒரு வாரம் வெந்தயம் குடித்தாள். குடிக்காவிட்டால் சந்தேகம் வருமே.

இருமல் நின்றது. காய்ச்சல் நின்றது. ரவிக்கைக்கு ஊசி தேவைப்படவில்லை. மண்டலமும் முடிந்தது.

இந்த இடத்தில்தான் அது நடந்தது. நீ தேடிக்கொண்டிருப்பது ஒரு பெரிய காரணமாக இருக்கும். ஏழ்மை, அறியாமை, டாக்டரின் அலட்சியம். அப்படி எதுவும் இல்லை. மண்டலம் முடிந்தும் நாங்கள் அடுத்த திங்கட்கிழமை கிளம்பினோம். ரங்கம்மா அக்கா வாசலில் நின்றார். தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, கையில் கூடையோடு. “மண்டலம் முடிஞ்சும் சாமி உன்னைக் கூப்பிடுதாருன்னா அவருக்கு எம்புட்டு சக்தி இருக்கணும். நானும் வாரேன்” என்றார். என்ன சொல்லி அவரை நிறுத்துவது? மூன்று பேரும் போனோம். கோயிலில் அவர் நிதானமாக ஒவ்வொரு சன்னதியிலும் நின்றார். உன் அம்மாவை விட்டு ஓர் அடி நகரவில்லை. பிறகு பால்கோவா வாங்க வேண்டும் என்றார். டாக்டர் வீட்டுத் தெரு வழியாகத்தான் நடந்தோம். உன் அம்மா மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். சரோஜா டெய்லர்ஸ் பலகையைப் பார்த்தாள். பஸ் ஏறினோம். மாத்திரை அந்த வாரத்தோடு தீர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமையும் ரங்கம்மா அக்கா கூடையோடு நின்றார். “வேண்டுதல் முடிஞ்சிட்டுக்கா. இனிமே மாசம் ஒருக்காப் போனாப் போதும்” என்றாள் உன் அம்மா. சொல்லிவிட்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். “செத்த நாள் போகட்டும். கல்யாணம் முடியட்டும். நான் நல்லாத்தான இருக்கேன்” என்றாள். நன்றாகத்தான் இருந்தாள். ஆவணியில் உன் அத்தை கல்யாணம். ஆலங்குளத்துச் சம்பந்தி வீட்டம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “மதினி கைராசிக்காரி. எப்படிப் பூரிப்பா இருக்கா பாரு” என்று எல்லோருக்கும் காட்டினார். அந்தக் கல்யாணத்தில் அவள் ஓடி ஓடிப் பந்தி விசாரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அப்போது எடுத்த படம்தான் நம் வீட்டுச் சுவரில் இருப்பது.

மழைக்காலம் வந்தது. இருமலும் வந்தது. இந்த முறை அது வேறு குரலில் வந்தது. “வா, அந்த டாக்டர்ட்டயே போவோம்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். “எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக? சரோஜாம்பாரு. நான் எந்திரிக்கணும். சொல்லச் சொல்லக் கேக்காம நிறுத்திட்டியேம்பாரு. நான் மாட்டேன்.” அதனால் வேறு கதவுகளைத் தட்டினோம். ஒருவர் நெஞ்சுச் சளி என்றார். டானிக் எழுதினார். ஒருவர் ஊசி போட்டார், நன்றாக இருந்தது, நிறுத்தினார். ஒருவர் முதலில் இருந்து புதிதாக மாத்திரை தொடங்கினார்; முன்னால் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்; நாங்கள் ஒன்றும் சாப்பிடவில்லை என்றோம். மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டு இல்லாமலே அதே சிவப்பு மாத்திரையைக் கொடுத்தார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் அவள் அன்று காலையில் நோய் வந்த பெண். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாது. நாங்கள் தெரியவிடவில்லை. ஓர் ஊர் முழுக்க டாக்டர்கள் இருந்தும் ஒரு நோயாளிக்கு ஒரு டாக்டர்கூட இல்லாமல் போக முடியும். நீ படித்த புத்தகத்தில் இது இருக்கிறதா என்று தெரியவில்லை.

கடைசியில் மதுரைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய அரசு ஆஸ்பத்திரி. அங்கே நிஜப் பேரைச் சொன்னோம். நிஜ ஊரைச் சொன்னோம். எல்லாம் சொல்ல முடிந்தபோது மருந்துதான் கேட்கவில்லை. உன்னை வார்டுக்குள் விடவில்லை. நீ வெளியே வேப்பமரத்தடியில் நின்று கையை ஆட்டினாய். அவள் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: “அவன் கழுத்தைத் தடவிப் பாருங்க. நெறி கட்டின மாதிரி இருக்கு. இங்க இருந்தே தெரியுது.” எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. “அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர்ட்டயே கூட்டிட்டுப் போங்க. நெசப் பேரைச் சொல்லுங்க.” சற்று நேரம் மூச்சு வாங்கினாள். “என்னைக் கேட்டா, சரோஜா சொகமா இருக்கான்னு சொல்லுங்க” என்றாள்.

அவள் போனபிறகு உன்னைக் கூட்டிக்கொண்டு அந்த மாடி ஏறினேன். உனக்கு ஒன்பது வயது. உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். டாக்டர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“வாங்க வத்திராயிருப்பு” என்றார். “எங்கய்யா போனீங்க? சரோஜா எங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் பேசிக்கொண்டே போனார். கோபமாக இல்லை. தொலைந்துபோன ஆளைக் கண்டுவிட்ட உற்சாகத்தில்.

“நான் உங்க ஊருக்கு வந்தேன்யா. வராம இருப்பேனா? பாதி மருந்துல ஆளைக் காணோம். ஸ்கூட்டரை எடுத்துட்டு வத்திராயிருப்புக்கே வந்துட்டேன். டீக்கடையில கேட்டேன். தேங்காய் மண்டியில கேட்டேன். ஒரு சரோஜா டீச்சர். அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. இன்னொரு சரோஜாவுக்குக் கல்யாணமே ஆகல. என் பொண்ணை எதுக்குய்யா தேடுதன்னு அவ அப்பா அரிவாளைத் தேடிட்டாரு. ஒரு கெழவி, நான்தாம்யா சரோஜா, வந்ததுக்கு என் முட்டு வலியப் பாத்துட்டுப் போன்னா. பாத்துட்டுத்தான் வந்தேன்.” சிரித்தார். “அப்பறமும் ஒரு ஞாயித்துக்கெழமை வந்தேன். பேரை விட்டுட்டு அடையாளம் சொல்லிக் கேட்டேன். ஒல்லியா இருப்பா, இருமிக்கிட்டே சிரிப்பான்னு. அப்படி யாரும் இல்லன்னுட்டாங்க.”

நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சரோஜாங்கிறது பொய்ப் பேருன்னு எனக்குத் தெரியும்” என்றார். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். “இந்த நாற்காலியில உக்கார்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு சரோஜாதான். அந்தத் தையக்காரருக்கே தெரியாது, அவர் பொண்டாட்டி பேருல எத்தனை பேரு மருந்து சாப்பிடுதாங்கன்னு. பேரு போகட்டும். ஊராவது நெசமா இருக்கும்னு நெனச்சேன்.”

“இல்ல டாக்டர்” என்றேன்.

“ஊரும் பொய்யா?”

“அவ இல்ல.”

கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்தார். சரோஜா சுகமாக இருக்கிறாள் என்று சொல்லச் சொன்னாளே, அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அவள் அது வரை உயிரோடு இருந்தாள். வத்திராயிருப்பில் ஏதோ ஒரு தென்னந்தோப்புக்குப் பின்னால், கண்டுபிடிக்க முடியாத ஒரு வீட்டில்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். உன் சட்டையைக் கழற்றச் சொன்னார். கழுத்தைத் தடவினார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, “பையன் பேரு?” என்றார். சொன்னேன். “ஊரு?” ராஜபாளையம் என்றேன். தெருவைச் சொன்னேன். எந்த வளவு, முற்றத்தில் எத்தனையாவது கதவு என்று அவர் கேட்காததையும் சொன்னேன். “நெசமா?” என்றார். “நெசமா” என்றேன். அப்போது நீ அவரைப் பார்த்து, “நெசம்தான். எங்க வீட்டுக்கு முன்னாடி பெரிய கெணறு இருக்கு” என்றாய். அவர் உன் தலையில் கை வைத்தார். கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ கேட்டாய். “சரோஜா யாருப்பா?” தெரிந்தவர்கள் என்று சொன்னேன். நீ தூங்கிவிட்டாய்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். உன் மருந்து நடந்துகொண்டிருந்தபோது மில்லில் கதவடைப்பு வந்தது. நான் வாசலே கதி என்று கிடந்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாள் தவறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வளவுக்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து கிணற்றடியில் நின்றது. எந்த வருகைக்குப் பயந்து அவளை நான் ஊர் ஊராக ஒளித்தேனோ அந்த வருகை. எல்லாக் கதவும் திறந்தன. அவர் என் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கேட்டார். உன்னை ஸ்கூட்டர் மேல் ஏற்றி ஹாரன் அடிக்க விட்டார். மாத்திரையைக் கொடுத்தார். ரங்கம்மா அக்கா மோர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நீ இதைத்தான் வீடு தேடி வந்ததாகச் சொல்கிறாய். ஆமாம். வழி சொன்னால் வருகிற மனுசன்.

அவர் போனதும் ரங்கம்மா அக்கா “யாரது?” என்றார். ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் மீதி இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மண்டலம், திங்கட்கிழமை, மாடி, எல்லாம். அவர் அந்த மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கோயிலுக்குப் போயிருப்பேன். நீங்க டாக்டர்ட்டப் போயிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். நாங்கள் பயந்த ஊர் கடைசியில் சொன்னது அந்த ஒரு வரிதான். அழுதுகொண்டே செம்பைக் கிணற்றடியில் கழுவினார். அடுத்த நாளும் நம் வீட்டில் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். எல்லோரும் அப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த சைக்கிள் நின்ற வீட்டை நான் மறக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த டாக்டர் இப்போது இல்லை. நீ கல்லூரியில் சேர்ந்த பிறகு போய்ச் சொன்னேன், சந்தோஷப்பட்டார். அவர் மேல் உனக்கு இருக்கும் கோபத்தை அவர் அறியவில்லை, அது ஒன்று நல்லது. அவரிடமும் குறை இருந்தது. தனியாக இருந்தார். ஒரு மனுசன், ஒரு ஸ்கூட்டர். அரசு ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவருடைய நோயாளிகளைத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. அவர்களிடம் சைக்கிள் இருந்தது. இவரிடம் நம்பிக்கை வைத்து மாடி ஏறியவர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியதில்லை. நீ பேசு. மருந்து பாதியில் நின்ற ஆளை யார் தேடிப் போவது என்று முதலிலேயே பேசிவை. வெட்கப்படாதே. பிரைவேட் என்பது கதவைச் சாத்திக்கொள்வதற்குப் பேர் இல்லை.

உன்னிடம் வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். பிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. பேர் என்னவாகவும் இருக்கட்டும். நீங்கள் வராவிட்டால் நான் எங்கே வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேள். வீட்டுக்கு வேண்டாம் என்றால் கோயில் வாசலைக் கேள், பஸ் ஸ்டாண்டைக் கேள், அவர்களே சொல்லட்டும். அவர் எங்களிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மடவார் வளாகம், திங்கட்கிழமை என்று உன் அம்மா சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். உன் அத்தைக்கும் காட்டு. கிளினிக்கில் வருகிறவர்கள் படிக்கும்படி மேசையிலேயே கிடந்தாலும் எனக்குச் சம்மதம். ஒளித்தது போதும்.

நீ வாடகைக்குப் பிடித்திருக்கும் இடத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம். எதிர் மாடியில் இன்னொரு டாக்டர் இருக்கிறார், வயதானவர். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரிடம் போய் உட்கார்ந்தேன். நோயாளி நாற்காலிக்கு நேராக அங்கேயும் ஒரு ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் உன் பலகை வரப்போகும் இடம் நேராகத் தெரிகிறது. அவரிடம் இப்போதே அறிமுகம் செய்துகொள். அவருக்கு இந்தக் கதையைச் சொல்.

உன் முதல் கேள்விக்குப் பதில் இது. வை. அவள் பேரையே வை. எதிர் மாடியிலிருந்து படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதச் சொல். என்றாவது ஒருநாள் அந்த நாற்காலியில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேர் என்ன என்று அவர் கேட்பார். அவள் ஜன்னலைப் பார்ப்பாள்.

கோமதி என்பாள்.

அவளைத் தேடிப் போ.

அப்பா